ஜாங்கோவின் அடுக்களை: ஒரு நீலப் பக்கத்தின் கதை

பொட்டி தட்டிப் பிழைக்கிற நம்மில் பலருக்கு ஒரு நீலநிறப் பக்கம் ரொம்பப் பரிச்சயம். மேலே கருநீலப் பட்டை, அதில் மஞ்சள் எழுத்தில் தலைப்பு, கீழே வெளிர்நீலத் தலைப்போடு பெட்டி பெட்டியாகப் பட்டியல்கள். ஜாங்கோ என்கிற பைதான் வலைச்சட்டகத்தோடு இலவச இணைப்பாக வருகிற நிர்வாகப் பக்கம்தான் அது. எல்லோரும் சுருக்கமாக 'அட்மின்' என்பார்கள். இந்தப் பக்கத்தின் முகத்தை மாற்ற எத்தனை வருஷம் ஆனது, ஏன் ஆனது என்பதுதான் இந்தப் பதிவு. கணினி ஆசாமிகளுக்கு மட்டுமான சமாச்சாரம் என்று எண்ணி ஓடிவிட வேண்டாம். கடைசியில் இது கல்லாவில் உட்கார்ந்திருப்பவரின் கதையாகத்தான் முடிகிறது.

முதலில் ஊர். அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் லாரன்ஸ் என்று ஒரு பல்கலைக்கழக ஊர். அங்கே 'லாரன்ஸ் ஜர்னல்-வேர்ல்ட்' என்ற உள்ளூர் நாளிதழ். 2003 இல் அதன் இணையப் பிரிவில் வேலை பார்த்த ஏட்ரியன் ஹோலவாட்டியும், இங்கிலாந்திலிருந்து ஒரு வருஷப் பயிற்சிக்கு வந்திருந்த சைமன் வில்லிசனும் பிஎச்பியில் எழுதி எழுதி அலுத்துப்போய்ப் பைதானுக்குத் தாவினார்கள். செய்தித்தாள் ஆபீஸ் எப்படி இருக்கும் என்று தெரியுமே! காலையில் ஆசிரியர் வந்து "இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள இது தளத்துல வந்தாகணும்" என்பார். தேர்தல் முடிவு, பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிகளின் விவரம், ஊரில் எந்த அரங்கில் என்ன கச்சேரி என்று தினம் ஒரு புதுத் தேவை. ஒவ்வொன்றுக்கும் தனியாக ஒரு தரவுத்தளம், தனியாக ஒரு உள்ளீட்டுப் படிவம் என்று எழுதிக்கொண்டிருந்தால் விடிந்துவிடும்.

அங்கேதான் அட்மின் பிறந்தது. நிரலர் செய்யவேண்டியது, தரவு எப்படி இருக்கும் என்று விவரிப்பது மட்டும்தான். கச்சேரி என்றால் அதற்கு ஒரு பெயர், ஒரு தேதி, ஒரு அரங்கம். அந்த விவரிப்பை வைத்துக்கொண்டு பட்டியல், தேடல், படிவம், பிழை சொல்லும் செய்தி எல்லாவற்றையும் சட்டகமே உருவாக்கிவிடும். நிரலர் பொதுமக்கள் பார்க்கும் பக்கங்களை எழுதி முடிப்பதற்குள், அந்தப் பக்கம் செய்தியறை ஆட்கள் உட்கார்ந்து விவரங்களை ஏற்ற ஆரம்பித்துவிடலாம். சாப்பாட்டு ஹாலுக்கு வெள்ளையடித்து முடிப்பதற்குள் அடுக்களையில் உலை கொதிக்க ஆரம்பித்த மாதிரி.

அந்த அடுக்களைக்கு உருவம் கொடுத்தவர் வில்சன் மைனர் என்ற வடிவமைப்பாளர். அதே நாளிதழின் இணையப் பிரிவில் வேலை பார்த்தவர். இதை நான் முக்கியமான விஷயமாக நினைக்கிறேன். அந்தக் காலத்துத் திறமூல மென்பொருட்களில் பெரும்பாலானவற்றுக்கு முகம் என்று ஒன்று கிடையாது. நிரலரே சாம்பல் நிறத்தில் நாலு பொத்தான் வைத்து முடித்துவிடுவார். 2005 ஜூலையில் பிஎஸ்டி உரிமத்தின் கீழ் ஜாங்கோ வெளியே வந்தபோது ஜனங்கள் வாய்பிளந்ததற்கு ஒரு காரணம், உள்ளே இருந்த அட்மின் பார்க்க லட்சணமாக இருந்ததுதான்.

லட்சணம் மட்டுமில்லை. உற்றுப் பார்த்தால் அதில் செய்தியறையின் வாசனை தெரியும். படிவத்தின் அடியில் மூன்று சேமிப்புப் பொத்தான்கள் இருக்கும். ஒன்று சேமிக்க. இன்னொன்று சேமித்துவிட்டு அதே பக்கத்தில் தொடர. மூன்றாவது, சேமித்த கையோடு அடுத்த காலிப் படிவத்தைத் திறக்க. இந்த மூன்றாவது யாருக்கு? நாற்பது கச்சேரி விவரங்களை ஒரே மூச்சில் அடிக்க வேண்டிய ஆளுக்கு. எதையாவது அழிக்கப் போனால், இதோடு சேர்ந்து இன்னின்னதெல்லாம் அழியும் என்று முழுப் பட்டியலையும் காட்டிவிட்டுத்தான் கேட்கும். யார், எப்போது, எதை மாற்றினார் என்ற குறிப்பும் தானாகவே சேரும். அவசரத்தில் வேலை செய்கிறவர்களைப் பக்கத்தில் இருந்து பார்த்த யாரோ யோசித்துச் செய்தவை இவை.

பெயர்க் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். ஜாங்கோ ரைன்ஹார்ட் என்ற ஜாஸ் கிடார் கலைஞரின் பெயர் அது. 1928 இல் அவர் தங்கியிருந்த வண்டிவீட்டில் தீப்பிடித்து இடது கையில் இரண்டு விரல்கள் ஏறக்குறைய செயலிழந்துவிட்டன. மீதி விரல்களை வைத்துக்கொண்டே உலகம் வியக்க வாசித்தார். ஹோலவாட்டியும் கிடார் வாசிப்பவர், அதனால் வந்த பாசம்.

சரி, விஷயத்துக்கு வருவோம். முதல் பெரிய மாற்றம் 2008 இல் நடந்தது. வேடிக்கை என்னவென்றால் அது கண்ணுக்கே தெரியாத மாற்றம். அதுவரை அட்மின் பக்கம் எப்படி இருக்கவேண்டும் என்ற அமைப்புகளைத் தரவு விவரிப்புக்கு உள்ளேயே எழுத வேண்டும். சரக்கு மூட்டைக்குள்ளேயே கடையின் போர்டையும் வைத்துத் தைத்த மாதிரி. ஒரு தரவுக்கு ஒரு முகம்தான். கணக்குப் பிரிவுக்கு ஒரு மாதிரி, ஆசிரியர் குழுவுக்கு இன்னொரு மாதிரி காட்ட வழியில்லை. அதோடு பழைய படிவக் கருவிகளையும் மாற்றிக்கொண்டிருந்தார்கள். 2007 மார்ச்சில் வந்த 0.96 பதிப்பிலேயே புதுப் படிவங்கள் வந்துவிட்டன. அட்மின் மட்டும் பழசைப் பிடித்துக்கொண்டு தொங்கியது. அதைப் புதுசுக்கு மாற்றும் வேலை தனிக் கிளையாக நடந்து, 2008 ஜூலையில்தான் பிரதான மரத்தோடு சேர்ந்தது. அடுத்த செப்டம்பரில் ஜாங்கோ 1.0.

இந்த மாற்றத்துக்குப் பிறகு அட்மின் அமைப்புகள் தனிக் கோப்புக்கு வந்தன. ஒரே தளத்தில் இரண்டு மூன்று அட்மின்கள் வைத்துக்கொள்ளலாம், எந்த நடத்தையையும் மேலெழுதலாம். ஆனால் திரையில் அதே நீலம், அதே பொத்தான்கள். சுவரை இடிக்காமல் அஸ்திவாரத்தை மாற்றிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு சின்னச் சின்னதாக நிறைய வந்தன. 2009 இல் 1.1 பதிப்பில், பல வரிகளைத் தேர்ந்தெடுத்து ஒரே சொடுக்கில் ஒரு செயலைச் செய்யும் வசதியும், பட்டியலிலேயே திருத்தும் வசதியும். 2010 இல் 1.2 பதிப்பில் ஜேக்வெரி உள்ளே வந்தது. முகம் மட்டும் மாறவே இல்லை. 2005 இல் வடிவமைத்த பக்கம் ஐபோன் வந்த பிறகும் அப்படியே, டேப்லட் வந்த பிறகும் அப்படியே. திரைகளின் அடர்த்தி கூடக் கூட, சின்னக் கிஃப் படங்களாக இருந்த பச்சை டிக்கும் சிவப்பு வட்டமும் மங்கித் தெரிய ஆரம்பித்தன.

ஏன் மாற்றவில்லை? ஆள் இல்லாமலா? இல்லை. மாற்றுத் தோல்கள் வெளியே நிறையவே இருந்தன. அதில் ஒன்றுக்குப் பெயர் கிராப்பெல்லி. ரைன்ஹார்ட்டோடு பாரிசில் சேர்ந்து வாசித்த வயலின் கலைஞர் ஸ்டெஃபான் கிராப்பெல்லியின் பெயர். (இந்த ஆட்களுக்குப் பெயர் வைப்பதில் ஒரு ரசனை உண்டு!) ஆனால் வெளியே ஒரு தோல் இருப்பது வேறு, எல்லோருக்கும் சேர்ந்து உள்ளேயே மாறுவது வேறு. அட்மின் பக்கத்தின் வார்ப்புருக்களையும் சிஎஸ்எஸ் பெயர்களையும் நம்பி ஊரில் உள்ள அத்தனை பேரும் தங்கள் சொந்த ஒட்டு வேலைகளைச் செய்து வைத்திருந்தார்கள். உள்ளே ஒரு டிவ்வை நகர்த்தினால் எங்கோ ஒரு ஆஸ்பத்திரியின் பதிவேட்டுப் பக்கம் கோணிக்கொள்ளும். இன்னொரு காரணமும் உண்டு. அட்மின் என்பது ஒரு நிறுவனத்தின் உள்வேலைக்கான கருவி, அதையே முழுத் தளமாக நீட்டிக்காதீர்கள் என்பது ஜாங்கோ ஆவணங்களிலேயே இருக்கும் அறிவுரை. அடுக்களைக்கு எதற்குச் சரவிளக்கு என்ற மனநிலை.

2014 ஜனவரியில் ஹோலவாட்டியும் ஜேக்கப் கப்லான்-மாஸும், எல்லா விவாதத்திலும் கடைசி வார்த்தை சொல்லும் பொறுப்பிலிருந்து விலகிக்கொண்டார்கள். அதற்குப் பின் முடிவெடுப்பது குழுவின் வேலையானது. அட்மினின் முகம் மாறியது இதற்குப் பிறகுதான்.

மாறிய விதம்தான் அழகு. ஒருவர் 'ஃப்ளாட் தீம்' என்று ஒரு தனித் தொகுப்பை எழுதி வெளியிட்டார். நிறுவப்பட்ட செயலிகளின் பட்டியலில் அட்மினுக்கு முன்னால் ஒரு வரி சேர்த்தால் போதும், முகம் மாறிவிடும். பிடிக்கவில்லையா, வரியை எடுத்துவிடலாம். ஜனங்கள் எடுத்துப் பயன்படுத்திப் பார்த்தார்கள். எங்கே இடிக்கிறது என்று தெரிந்தது. அதன்பின் அதையே உள்ளே சேர்த்துக்கொண்டார்கள். 2015 டிசம்பரில் 1.9 பதிப்பில், பத்து வருஷம் கழித்து, அட்மினுக்குப் புதுச் சட்டை. சரிவு நிழல்கள் போயின. தட்டையான வண்ணம், கூடுதல் இடைவெளி, ரோபோட்டோ எழுத்துரு, எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காத எஸ்விஜி படங்கள். ஆனால் வண்ணம்? அதே நீலம், தலைப்பில் அதே மஞ்சள். பக்கத்தின் எலும்புக்கூட்டிலும் பெரிதாகக் கை வைக்கவில்லை. வீட்டை மாற்றாமல் சுண்ணாம்பு மட்டும் அடித்தார்கள்.

இதே வழியில், இதே கையிலிருந்து, செல்பேசித் திரைக்கான தொகுப்பும் முதலில் வெளியே வளர்ந்து, பிறகு 2017 டிசம்பரில் 2.0 பதிப்பில் உள்ளே வந்தது. அதற்கு முன்பு செல்பேசியில் அட்மினைத் திறந்தால் இரண்டு விரலால் இழுத்து இழுத்துத்தான் பார்க்க வேண்டும்.

இங்கே என் சொந்தக் கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

புனேயில் நான் அப்போது வேலை பார்த்த இடத்தில், சரக்கு அனுப்பும் விவரங்களை எல்லாம் ஜாங்கோ அட்மினில்தான் ஏற்றுவோம். ஏற்றுபவர் அறுபதை நெருங்கிய ஒரு மராத்திக்காரர். எல்லோருக்கும் அவர் 'காகா'. மராத்தியில் காகா என்றால் சித்தப்பா. (நம்மூர் ஆட்கள் இரண்டு பேர் புதிதாகச் சேர்ந்தபோது, அந்தப் பெயரைக் கேட்டு ஜன்னலைப் பார்த்தார்கள் :-)) 2011 இலிருந்து தினம் எட்டு மணி நேரம் அந்த நீலப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர். எந்தப் பொத்தான் எங்கே என்று பார்க்கவே மாட்டார். கை தானாகப் போகும்.

நாங்கள் நீண்டகால ஆதரவுப் பதிப்புகளை மட்டும் பயன்படுத்துகிற ஆட்கள். 1.8 இல் இருந்தோம். 2018 ஏப்ரலில் அதற்கு ஆதரவு முடிகிறது என்றதும், ஒரு சனிக்கிழமை இரவு 1.11 க்குத் தாவினோம். எல்லாச் சோதனைகளும் பச்சை. திருப்தியாகத் தூங்கினோம்.

திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்குக் காகாவிடமிருந்து போன். "க்யா கியா, பேட்டா?" என்றார். கோபமில்லை, குரலில் பயம். போய்ப் பார்த்தேன். பணம் வந்ததா இல்லையா என்று காட்ட நாங்களே ஒரு பத்தியைச் சேர்த்திருந்தோம். பச்சை டிக் என்றால் வந்தது, சிவப்பு என்றால் வரவில்லை. அதற்கு அட்மினுக்குள் இருந்த பழைய கிஃப் படங்களின் முகவரியை நிரலில் நேரடியாகவே எழுதி வைத்திருந்தேன், நான்தான். 1.9 இலிருந்து அந்தப் படங்கள் எல்லாம் எஸ்விஜி ஆகிவிட்டன, பெயரும் மாறிவிட்டது. படம் வராவிட்டால் காட்டவேண்டிய மாற்று எழுத்தையும் நான் கொடுத்திருக்கவில்லை. அவருடைய உலாவியில் அந்தப் பத்தி முழுக்க வெறுமை.

நான் பார்த்தபோது உடைந்தது இரண்டு படம். அவர் பார்த்தபோது, யார் பணம் கட்டினார்கள் என்ற விவரம் மொத்தமாக அழிந்துபோயிருந்தது. பக்கத்தின் நிறமும் எழுத்தும் வேறு மாதிரி இருக்கவே, தவறான இடத்துக்கு வந்துவிட்டோமோ, தானே எதையோ அமுக்கிக் கெடுத்துவிட்டோமோ என்று ஒரு மணி நேரம் யாரிடமும் சொல்லாமல் உட்கார்ந்திருந்திருக்கிறார். மேஜையில் ஒரு நோட்டு. ஒவ்வொரு வாடிக்கையாளரையும் போனில் கூப்பிட்டுக் கேட்டு, கையால் எழுதிக்கொண்டிருந்தார். பதினேழு பேர் முடிந்திருந்தது.

சரிசெய்ய எனக்கு நாலு நிமிஷம் ஆனது. திரும்பி வரும்போது அவர் ஹிந்தியில் சொன்னது ஒன்றுதான்: "வீட்டுல சாமானை இடம் மாத்தினா அம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்ல மாட்டீங்களா?"

அந்த வருஷத்துக்கு அப்புறம் ஜாங்கோவின் ஒவ்வொரு வெளியீட்டுக் குறிப்பிலும் அட்மின் பகுதியை முதலில் படிக்கிற வழக்கம் எனக்கு வந்தது. படிக்கப் படிக்க ஒரு விஷயம் புரிந்தது. அந்தப் பக்கத்தை மாற்றுகிறவர்களும் இதே கவலையோடுதான் மாற்றுகிறார்கள்.

2018 ஆகஸ்டில் 2.1 பதிப்பில், 'பார்க்க மட்டும்' அனுமதி வந்தது. அதுவரை சேர்க்க, மாற்ற, அழிக்க என்று மூன்றுதான். வெறுமனே பார்க்க வேண்டிய ஆளுக்கும் மாற்றும் அதிகாரத்தைக் கொடுத்துத் தொலைக்க வேண்டியிருந்தது. 2020 ஆகஸ்டில் 3.1 பதிப்பில், பெரிய திரைகளில் இடப்பக்கம் ஒரு பட்டியல் வந்தது. ஒரு பட்டியலிலிருந்து இன்னொன்றுக்குப் போக முகப்புக்குத் திரும்ப வேண்டியதில்லை. ஆனால் வேண்டாம் என்பவர்கள் ஒரே வரியில் அணைத்துவிடலாம். அப்போதும், நிலைக்கோப்புகளை மறுபடி திரட்டாமல் விட்டவர்களுக்கும், உலாவியில் பழைய சிஎஸ்எஸ் தங்கிவிட்டவர்களுக்கும் பக்கம் அலங்கோலமாகத் தெரிந்து, உலகெங்கும் அதே கேள்வி திரும்பத் திரும்ப எழுந்தது. என்னைப் போல் பலர் இருக்கிறார்கள் என்று ஒரு அற்ப ஆறுதல்.

2021 ஏப்ரலில் 3.2. எனக்கு மிகவும் பிடித்த மாற்றம் இதில்தான். அதுவரை வண்ணங்கள் சிஎஸ்எஸ் கோப்புகள் முழுக்கச் சிதறிக் கிடந்தன. அவற்றை எல்லாம் எடுத்து மாறிகளாக ஓரிடத்தில் வைத்தார்கள். இன்னின்ன வண்ணம் முதன்மை, இன்னது துணை, இன்னது எடுப்பு என்று. உங்கள் நிறுவனத்தின் வண்ணம் வேண்டுமா, சில வரிகள் போதும். இதன் உபபலனாக இருண்ட தோற்றமும் வந்தது. முதலில் அது கணினியின் அமைப்பைப் பார்த்துத் தானாக மாறும். தானாக மாறுவது பிடிக்காதவர்களுக்கு, 2023 ஏப்ரலில் 4.2 பதிப்பில் பக்கத்திலேயே ஒரு பொத்தான் வைத்தார்கள்.

அதே 4.2 பதிப்பில் ரோபோட்டோவையும் கைவிட்டு, அந்தந்தக் கணினியின் சொந்த எழுத்துருவுக்கு மாறினார்கள். இது நமக்குச் சம்பந்தப்பட்ட சங்கதி. ரோபோட்டோவில் தமிழும் கிடையாது, தேவநாகரியும் கிடையாது. அட்மினைத் தமிழில் வைத்துப் பார்க்கலாம். மொழிபெயர்ப்பு ஜாங்கோவோடேயே வருகிறது. ஆனால் எண்களும் ஆங்கிலமும் ஒரு எழுத்துருவில், தமிழ் வேறொன்றில் என்று பல் வரிசை கோணியது போல் இருக்கும். காகாவின் பட்டியலில் மராத்திப் பெயர்களுக்கும் அதே கதிதான்.

அடுத்தவை அணுகல் வசதி சார்ந்தவை. பக்கத்தைத் திரைவாசிப்பான் வழியாகக் கேட்டு வேலை செய்பவர்களுக்காக, தலைப்பகுதி எது, உள்ளடக்கம் எது, அடிப்பகுதி எது என்று ஹெச்டிஎம்எல்லிலேயே அடையாளம் வைத்தார்கள். 2023 டிசம்பரில் வந்த 5.0 பதிப்பிலிருந்து, வடிகட்டும் ஒவ்வொரு தேர்வுக்கும் பக்கத்தில் அதில் எத்தனை பதிவு என்ற எண்ணிக்கையும் காட்டலாம். 2024 ஆகஸ்டில் 5.1 பதிப்பில், மடித்து விரிக்கும் பகுதிகளுக்கு இருந்த ஜாவாஸ்கிரிப்டையே தூக்கிவிட்டு, உலாவியிலேயே உள்ள வசதியைப் பயன்படுத்தினார்கள். ஒரு முகம் இருபது வருஷத்தில் அடைந்த மாற்றங்களில் இதுவும் ஒன்று: சேர்த்தது மட்டுமில்லை, கழித்ததும் உண்டு.

இவ்வளவுக்குப் பிறகும் இயல்பான தோற்றத்தில் மேலே ஓடும் அந்தப் பட்டையின் நிறக் குறியீடு #417690 தான். லாரன்ஸ் ஊர்ச் செய்தியறையில் இருந்த நீலம். வேறு ஒரு நிறத்தை வைக்க யாருக்குத்தான் ஆசை இருந்திருக்காது? வைக்கவில்லை. உலகத்தில் ஏதோ ஒரு மூலையில் ஒரு காகா, திங்கட்கிழமை காலை திறக்கும்போது அது தன் பக்கம்தான் என்று தெரிந்துகொள்ள ஒரு அடையாளம் மிச்சம் இருக்கட்டும் என்று விட்டார்களோ என்னவோ, அப்படி நினைத்துக்கொள்ள எனக்குப் பிடித்திருக்கிறது.

எங்கள் காகா 2019 இல் ஓய்வு பெற்று நாசிக் பக்கம் சொந்த ஊருக்குப் போய்விட்டார். போகும்போது அந்த நோட்டை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். பதினேழு பெயர், பதினேழு தொகை, மராத்தியில், கோணாத கையெழுத்தில். இப்போதும் எந்தப் பதிப்பை மேம்படுத்துவதாக இருந்தாலும், முந்தின வெள்ளிக்கிழமையே போய் அந்தப் பக்கத்தில் உட்காருகிறவரின் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, புதுசைத் திறந்து காட்டிவிடுவேன். அரைமணி நேரம் ஆகும். ஒவ்வொரு முறையும் நான் கவனிக்காத ஒன்றை அவர்கள் கவனித்துச் சொல்லியிருக்கிறார்கள்.